மூன்று வகுப்பு, ஓர் அறை, ஓர் ஆசிரியர்: ஐந்தாம் வகுப்பிலும் வாசிக்கத் திணறும் பிள்ளைகளை என்ன செய்வது?

ஈராசிரியர் பள்ளி ஆசிரியை, சிவகங்கை மாவட்டம் (ஜூலை 6)

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது 23 பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தலைமை ஆசிரியர் ஒன்று, இரண்டாம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளின் 14 பிள்ளைகள் ஒரே அறையில் என்னிடம் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்களே என்பதால் மூன்றாவது ஆசிரியரை எதிர்பார்ப்பதற்கில்லை. அந்தப் புலம்பலை இங்கே தொடங்கவும் விரும்பவில்லை.

என் சிக்கல் மூன்று பையன்களைப் பற்றியது. இருவர் ஐந்தாம் வகுப்பு, ஒருவன் நான்காம் வகுப்பு. மூவருக்கும் வாசிக்க வரவில்லை. ஜூன் மாதம் முழுவதும் இது எனக்குத் தெரியவே இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தின் முதல் பத்தியைக் கடகடவென்று வாசித்தான். தற்செயலாக அவன் விரலைப் பார்த்தேன். வாய் மூன்றாம் வரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. விரல் முதல் வரியிலேயே நின்றது. பக்கத்தில் இருப்பவர்கள் படிப்பதைக் கேட்டே பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான்.

இவர்களோடு நான் உட்கார்ந்தால் மற்ற 11 பேரும் பத்து நிமிடத்தில் அறையைச் சந்தைக்கடை ஆக்கிவிடுகிறார்கள். மற்றவர்களைக் கவனித்தால் இவர்கள் நோட்டில் எதையோ பார்த்து எழுதிக்கொண்டே ஒரு நாளைக் கழித்துவிடுகிறார்கள். இதே நிலையில் இருந்து மீண்டவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம் (ஜூலை 6)

அம்மா, வெட்கப்பட வேண்டாம். நான் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன். விரலைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பத்தாவது ஆண்டில்தான் தோன்றியது.

முதலில் அந்த 11 பேரை ஒழுங்குபடுத்துங்கள், பிறகுதான் மூவரிடம் போக முடியும். பிள்ளைகள் சத்தம் போடுவது பெரும்பாலும் குறும்பினால் அல்ல. கொடுத்த வேலையின் பாதியில் ஒரு சந்தேகம் வருகிறது, கேட்க ஆசிரியர் அருகில் இல்லை, பக்கத்துப் பிள்ளையைக் கேட்கிறது, அதிலிருந்து பேச்சு வளர்கிறது. ஆகவே நீங்கள் வேறு குழுவோடு இருக்கும்போது மற்றவர்களுக்குக் கொடுக்கும் வேலை, உங்களிடம் ஒன்றுகூடக் கேட்காமல் தொடக்கம் முதல் முடிவுவரை செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். புதிய கணக்கு கொடுக்காதீர்கள். நேற்று போட்ட வகைக் கணக்கிலேயே எண்களை மாற்றிப் பத்துக் கணக்கு கொடுங்கள். முடித்தவர்கள் அடுத்து எதை எடுக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே சுவரில் எழுதியிருக்கட்டும்.

இரண்டாவது, உட்காரும் திசை. மூன்று வகுப்பும் ஒரே கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தால் நீங்கள் எந்த வகுப்பிடம் பேசினாலும் மூன்று வகுப்பும் கேட்கும். ஒவ்வொரு வகுப்பும் ஒவ்வொரு சுவரைப் பார்த்து, முதுகோடு முதுகாக உட்காரட்டும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்த, பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு ஏணிப்படி போன்ற வரிசையில் தாமே கற்கும் செயல்வழிக் கற்றல் நினைவிருக்கிறதா? ஏணிப்படியும் அட்டைகளும் போய்விட்டன, ஆனால் அப்போது சுவரின் அடிப்பகுதியில் பூசிய கீழ்மட்டக் கரும்பலகை பல பள்ளிகளில் இன்னும் வெளிறிப்போய் இருக்கிறது. ஒரு டப்பா கரும்பலகைப் பெயிண்ட் வாங்கி மேலே ஒரு பூச்சுப் பூசினால், ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தப் பலகை கிடைத்துவிடும். நோட்டில் எழுதும் பிள்ளை பேசும். சுவரில் எழுதும் பிள்ளை அவ்வளவாகப் பேசாது. காரணம் எனக்குத் தெரியாது, கண்ணால் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, படிக்கத் தெரிந்த பிள்ளையைத் தெரியாத பிள்ளைக்குத் துணையாக வையுங்கள். இது ஒன்றும் புதிதல்ல, நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறைதான். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் பிள்ளைகளையே ஆசிரியர்களாக்கி, 1797-இல் அதைப் பற்றி இங்கிலாந்தில் எழுதி வெளியிட, அது அங்கே ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது.

நடுநிலைப் பள்ளி ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம் (ஜூலை 7)

ஐயா சொன்ன முதல் இரண்டையும் ஏற்கிறேன்; மூன்றாவதை அப்படியே ஏற்க முடியவில்லை. சட்டாம்பிள்ளையாக யார் அமர்த்தப்படுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? நன்றாகப் படிக்கும், எதிர்த்துப் பேசாத பெண்பிள்ளை. வீட்டில் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்பவளும் அவள்தான், பள்ளியில் மூன்று பையன்களுக்கு எழுத்துச் சொல்லித்தருபவளும் அவள்தான். என் வகுப்பில் அப்படி ஒருத்தி இருந்தாள். ஆண்டு முடிவில் அந்தப் பையன்கள் முன்னேறினார்கள்; அவள் ஜூன் மாதத்தில் எங்கே இருந்தாளோ அங்கேயே இருந்தாள். அது என் தவறு. துணை வைப்பதானால் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வாரம் ஒருவர் என்று மாற்றி வையுங்கள், வாசிக்கத் திணறும் பையனுக்கும் எதையாவது கற்றுக்கொடுக்கும் முறை வரட்டும். அவனுக்குக் கூட்டல் நன்றாக வரக்கூடும், காகிதத்தில் பறவை செய்யத் தெரிந்திருக்கக்கூடும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர், ஈரோடு மாவட்டம் (ஜூலை 7)

வாசிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூவருக்கும் எந்த எழுத்து வரை தெரியும் என்பதைப் பாடப்புத்தகத்தைக் கொண்டு சோதிக்காதீர்கள். புத்தகம் அவர்களுக்குக் காதால் பாடம். பேருந்துப் பலகை, பிஸ்கட் உறை, விதைப் பாக்கெட், ரேஷன் அட்டை என்று அவர்கள் இதுவரை வாசித்துக் கேட்டிராத எழுத்தைக் கொடுங்கள். 247 எழுத்தையும் வரிசையாகச் சொல்லும் பிள்ளையிடம் நடுவில் இருந்து ‘மீ’ என்பதைத் தனியாகக் காட்டினால், ம, மா, மி என்று முதலில் இருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் அதற்கு வந்துசேரும். அந்தப் பிள்ளைக்கு எழுத்துகள் ஒரு பாட்டாகத்தான் தெரியும்.

216 உயிர்மெய்யைக் க வரிசை, ங வரிசை என்று கிடைமட்டமாகக் கற்பிப்பதை இவர்களுக்கு நிறுத்திவிடுங்கள். அகரம் ஏறிய எழுத்துகளில் பத்தும், புள்ளி வைத்த எழுத்துகளில் ஐந்தும் தெரிந்தால் படம், மரம், பழம், நகம், கடல், வயல், பட்டம் எல்லாம் வாசிக்கலாம். பிறகு துணைக்காலை மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்: பால், பாதம், காகம், தாத்தா, வாகனம். ஒரே குறி, பத்து எழுத்தோடும் சேர்கிறது, ஒவ்வொரு முறையும் ஒலி ஒரே விதமாக நீள்கிறது என்பது பிடிபட்டுவிட்டால் பிள்ளையின் முகமே மாறும். அடுத்து இகரம்: மணி, கிளி, வழி, பனி.

இதுவரை எல்லாம் சமதளம். உகரத்தில் வண்டி நின்றுவிடும். மற்ற குறிகள் எந்த எழுத்தோடு சேர்ந்தாலும் ஏறத்தாழ ஒரே வடிவம். உகரமும் ஊகாரமும் அப்படி அல்ல. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு மாதிரி வளையும்; சு, பு, யு, வு கீழே கோடாக இறங்கும்; ணு, து, நு, லு, று, னு வாலைச் சுழற்றிக்கொள்ளும். கடினமாக இருக்கிறதே என்று இதைத் தள்ளிப்போடவும் வழியில்லை. ஏனென்றால் மாடு, வீடு, ஆறு, காசு, வயிறு, பந்து என்று பிள்ளைக்குத் தெரிந்த சொற்களில் பாதி உகரத்தில்தான் முடிகின்றன. நான் இந்த மூன்று கூட்டத்தையும் மூன்று வண்ணச் சாக்பீஸில் எழுதி, கூட்டத்துக்கு ஒரு வாரம் என்று மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறேன். பாடத்திட்டம் பின்தங்கிவிடுமே என்று அவசரப்பட்ட ஆண்டுகளில் எல்லாம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் கழன்றுகொண்டார்கள்.

கொம்பு வரும் எழுத்துகள் அடுத்த மேடு. ‘பொ’ என்பதில் குறியின் பாதி எழுத்துக்கு முன்னால், மீதி பின்னால்; ஒலியோ எழுத்துக்குப் பிறகுதான் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கும் பிள்ளை இங்கே தடுமாறுவது இயல்பு. ‘கொம்பைப் பார்த்தால் வாயைத் திறக்காதே, அதற்குப் பின்னால் கால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசு’ என்பதே என் வகுப்பின் விதி.

இன்னொன்று. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை ‘பந்து’ என்பதில் ‘து’வை ‘துணி’யில் வருவதுபோல் அழுத்திச் சொல்லும், அது தனக்குத் தெரிந்த பந்துதான் என்று அதற்கே தெரியாது. தமிழில் ஓர் எழுத்து இடத்துக்கு இடம் ஒலி மாறும் என்பதை யாரும் அதற்குச் சொன்னதில்லை. ஒவ்வொரு சொல்லையும் கூட்டி முடித்ததும், ‘வீட்டில் இதை எப்படிச் சொல்வாய்?’ என்று ஒருமுறை கேளுங்கள்.

சிறப்புப் பயிற்றுநர், வட்டார வள மையம் (ஜூலை 8)

ஈரோட்டு ஆசிரியர் எழுதியதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். மூவருடைய கண்ணையும் காதையும் பார்த்துவிட்டீர்களா? கரும்பலகையை விட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளைக்குச் சோம்பல் என்று முடிவு கட்டுவதற்கு முன், கடைசி வரிசையில் உட்காரவைத்துப் பலகையில் தனியாக ஓர் எழுத்தை எழுதிக் கேளுங்கள். முதுகுப்புறம் நின்று மெல்லிய குரலில் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஐயம் இருந்தால், பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பெயர்களைத் தனியாகக் குறித்துக் கொடுங்கள். கூட்டத்தோடு கூட்டமாக அனுப்பினால் தவறிவிடக்கூடும்.

கண், காது இரண்டும் சரியாக இருந்து, ஆறு மாதம் ஒழுங்காகக் கற்பித்தும் எழுத்து நிற்கவில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. ஆனால் முறையான சோதனைக்கு முன் அந்தச் சொல்லைப் பெற்றோரிடமோ பிள்ளையின் முன்னிலையிலோ சொல்லிவிடாதீர்கள். ஊரில் அது வேறு பெயராக மாறி அந்தப் பிள்ளையோடு ஒட்டிக்கொள்ளும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர், ஓசூர் பகுதி (ஜூலை 9)

எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் அதிகம். பசு படத்தைக் காட்டி ‘ப’ கற்பித்தால் ‘ஆவு’ என்று பதில் வரும். பிள்ளைக்கு எழுத்து தெரியாமல் இல்லை, சொல் தெரியவில்லை. வீட்டுச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் அருகருகே எழுதிய தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, வாரம் பத்துச் சொல் சேர்த்துவருகிறேன். சிவகங்கை ஆசிரியைக்கு இது பொருந்தாது என்றாலும் படிக்கும் வேறு யாருக்காவது உதவலாம்.

ஈராசிரியர் பள்ளி ஆசிரியை, சிவகங்கை மாவட்டம் (ஆகஸ்ட் 19)

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். சுவரைப் பார்த்து உட்காரவைத்தது நன்றாக வேலை செய்கிறது. கேட்காமலே செய்யக்கூடிய வேலையைத் தயாரிப்பதற்கு முந்தின நாள் மாலை அரைமணி நேரம் ஆகிறது, ஆனால் மறுநாள் இருபது நிமிட அமைதி உறுதி. காலை உணவுக்காகப் பிள்ளைகள் எட்டரைக்கு முன்பே வந்துவிடுவதால், சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு வழிபாட்டுக் கூட்டம் வரையிலான நேரம் முழுவதையும் மூவருக்குக் கொடுத்துவிட்டேன். வேறு யாருடைய பாடமும் கெடாத ஒரே நேரம் அதுதான்.

ஒன்றில் தோற்றேன். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி குழு பிரிப்பதைப்போல நானும் பிரித்து, மூவரையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு அரும்பு நிலையில் உட்காரவைத்தேன். இரண்டாம் நாளே மற்றவர்கள், பாடத்தை மனப்பாடமாக வாசித்த அந்த ஐந்தாம் வகுப்புப் பையனை ‘அரும்பு அண்ணன்’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அவன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா, ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் டீச்சர், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்’ என்றார். அவர் எனக்குக் கொடுக்க நினைத்த அதிகபட்ச மரியாதை அதுதான் என்பது புரிந்தது. என்ன பதில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம் (ஆகஸ்ட் 19)

நிலைப்படி பிரிப்பது தவறல்ல, அம்மா. நாள் முழுவதும் அதே இடத்தில் உட்காரவைப்பதுதான் தவறு. வாசிப்பு நேரத்துக்கு மட்டும் கலைத்து அடுக்குங்கள், மணி அடித்ததும் அவரவர் வகுப்புக்குத் திரும்பட்டும்.

தந்தையிடம், அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது என்று சொல்லிப் பயனில்லை. ‘நீங்கள் அடிக்கவும் வேண்டாம், சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம், ராத்திரி அவன் ஐந்து நிமிடம் வாசிப்பதை உட்கார்ந்து கேளுங்கள், அது போதும்’ என்று சொல்லிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் வீட்டில் படிக்கச் சொல்லுங்கள் என்றால் அவர்கள் தலைகுனிவார்கள். கேளுங்கள் என்றால் கேட்பார்கள்.

நடுநிலைப் பள்ளி ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம் (ஆகஸ்ட் 20)

பத்து வயதுப் பையனுக்குப் ‘படம், மரம்’ என்று எழுதிய அட்டையைக் கொடுப்பதே அவனைக் கூசவைக்கும். எழுத்து எளிதாக இருக்கட்டும், ஆனால் வேலை பெரியவன் செய்யும் வேலையாக இருக்கட்டும். பள்ளியில் உண்மையாகவே யாராவது எழுத வேண்டிய, மற்றவர்கள் உண்மையாகவே படிக்கக் காத்திருக்கும் ஏதாவது ஒன்றை அவனிடம் ஒப்படையுங்கள்.

ஈராசிரியர் பள்ளி ஆசிரியை, சிவகங்கை மாவட்டம் (அக்டோபர் 11)

திண்டுக்கல் அம்மாவுக்கு நன்றி. சமையல் கூடத்தின் வாசலில் ஒரு சிறு பலகை வைத்து, அன்றைய காலை உணவு என்ன என்பதை எழுதும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தேன். ‘கிச்சடி’ எளிதாக வந்துவிட்டது. ‘உப்புமா’வில் ‘பு’வுக்கு ஒரு வாரம் ஆனது. புதன்கிழமை ‘வெண்பொங்கல்’ என்பதை ‘வெண்பெங்கல்’ என்று எழுதிவைத்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ‘பெங்கல் வந்தாச்சு’ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள், எனக்குப் பகீரென்றது. ஆனால் அவனே சிரித்துக்கொண்டு வந்து, ‘டீச்சர், கால் விட்டுப்போச்சு’ என்று சொல்லித் திருத்தினான். எது விட்டுப்போயிற்று என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நான்காம் வகுப்புப் பையனுக்குக் கண்ணில்தான் கோளாறு. மருத்துவக் குழு சொல்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, கண்ணாடி போட்டாயிற்று. சிறப்புப் பயிற்றுநர் எழுதியிராவிட்டால் இந்த ஆண்டும் அவனைச் சோம்பேறி என்றே எழுதியிருப்பேன். மூன்றாவது பையன்தான் மெதுவாக நகர்கிறான். துணைக்கால், இகரம் தாண்டி உகரத்தில் நிற்கிறான்.

ஈராசிரியர் பள்ளி ஆசிரியை, சிவகங்கை மாவட்டம் (ஜனவரி 21)

புதிய சிக்கல். அந்த மூன்றாவது பையனின் பெற்றோர் பொங்கல் முடிந்ததும் திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போகிறார்கள். மழைக்காலத்துக்கு முன்புதான் திரும்புவார்களாம். பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போகும்படி கேட்டேன், பாட்டிக்கு உடம்பு சரியில்லை. நாளை மறுநாள் கிளம்புகிறார்கள். அந்தப் பக்கம் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தொடக்கப் பள்ளி ஆசிரியர், திருவள்ளூர் மாவட்டம் (ஜனவரி 21)

இருக்கிறோம். எங்கள் ஊரைச் சுற்றிச் சூளைகள் உள்ளன. ஒடிசாவில் இருந்து வரும் பிள்ளைகளும் நம் மாவட்டங்களில் இருந்து வரும் பிள்ளைகளும் ஆண்டுதோறும் பொங்கலுக்குப் பிறகு எங்களிடம் சேர்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே சான்றிதழுக்காகக் காத்திருக்காமல் எந்த ஊர்ச் சூளை என்று மட்டும் தந்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள். அதற்கு அருகில் உள்ள பள்ளியின் ஆசிரியரை நான் பிடித்துத் தருகிறேன். பையனின் கல்வித் தகவல் மேலாண்மை எண்ணை (ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய அடையாள எண்) தந்தையின் கைப்பேசியில் படமாக எடுத்துவையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். எங்களிடம் வரும் பிள்ளைகளோடு மதிப்பெண் தாள் வரும். அதை வைத்துக்கொண்டு முதல் நாள் எதுவும் செய்ய முடியாது. எந்தக் குறிவரை தெரியும், எந்த இடத்தில் நிற்கிறான், எதைச் சொன்னால் வாய் திறப்பான் என்று அரைப் பக்கம் எழுதி அவன் பையில் வைத்து அனுப்புங்கள். இல்லையென்றால் இங்கிருப்பவர் மறுபடியும் அ, ஆவில் இருந்து தொடங்குவார்.

ஈராசிரியர் பள்ளி ஆசிரியை, சிவகங்கை மாவட்டம் (ஜனவரி 22)

ஊர்ப் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். தாளில் இப்படி எழுதியிருக்கிறேன், போதுமா என்று பாருங்கள்: ‘அகரம், துணைக்கால், இகரம், ஈகாரம் தடையின்றி வாசிப்பான். உகரத்தில் கு, டு, மு கூட்டம் முடிந்தது. சு, பு கூட்டம் பாதி. து, று கூட்டம் தொடங்கவில்லை. கொம்பு எழுத்துகள் காட்டவில்லை. பலர் முன்னால் வாசிக்கச் சொன்னால் வாசிக்க மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்தால் வாசிப்பான். ஆட்டைப் பற்றிக் கேட்டால் நிறையப் பேசுவான்.’

தொடக்கப் பள்ளி ஆசிரியர், திருவள்ளூர் மாவட்டம் (ஜனவரி 22)

போதும். சு, பு கூட்டத்தில் எந்தெந்தச் சொற்கள் முடிந்தன என்பதை மட்டும் தாளின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். மீதியில் இருந்து தொடங்கச் சொல்கிறேன்.